இடுப்பு மூட்டு மாற்றிய பின் வீட்டில் பன்னிரண்டு வாரங்கள்

அறுவைக்கூடத்தில் ஆகும் நேரம் பெரும்பாலும் ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணி. மருத்துவமனைக் கட்டிலில் கழிவது சில நாட்கள். அதன் பின்னர் வருவதே நெடிய காலம். ஏறத்தாழ மூன்று மாதங்கள், இடுப்பு மூட்டு மாற்றப்பட்டவர் இருக்கப்போவது வீட்டில். அவரைக் கவனித்துக்கொள்ளப் போவது வீட்டார். ஆயினும், எந்த மருத்துவரிடம் செல்வது, செலவு எவ்வளவு ஆகும் என்று நம் குடும்பங்களில் நாட்கணக்கில் நடைபெறும் ஆலோசனையில் பத்தில் ஒரு பங்குகூட, வீடு திரும்பிய உம்மா எந்த நாற்காலியில் அமர்வார், எந்தக் கழிப்பறைக்குச் செல்வார், எவ்வாறு தொழுவார் என்பன பற்றி நடைபெறுவதில்லை. வாடகைக் கார் வாசலில் வந்து நின்ற பிறகுதான், வீட்டில் இருப்பதெல்லாம் தாழ்ந்த கட்டிலும் குந்தி அமரும் கழிப்பறையும் என்பது எல்லோருக்கும் நினைவுக்கு வருகின்றது.

எனவே அறுவைக்கு முன்பே பேசி முடிவு செய்துகொள்ள வேண்டிய சிலவற்றையும், வீடு திரும்பியபின் நாள்தோறும் கவனிக்க வேண்டியவற்றையும் இங்கே எழுதுகின்றோம். இது மருத்துவரின் சொல்லுக்கு மாற்று அன்று. அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளை வீட்டார் தெரிந்துகொள்வதற்கே இக்கட்டுரை.

இடுப்பு மூட்டு என்பது கிண்ணத்தினுள் உருளும் ஒரு பந்து போன்றது. தொடை எலும்பின் உருண்டையான தலை, இடுப்பெலும்பில் உள்ள குழிக்குள் பொருந்தித் திரும்புகின்றது. இரண்டுக்கும் இடையிலுள்ள வழவழப்பான குருத்தெலும்பு தேய்ந்தாலோ, எலும்புத் தலைக்குச் செல்லும் இரத்த ஓட்டம் தடைபட்டு அது மடிந்து சிதைந்தாலோ, மூட்டு பயனற்றுப் போகின்றது. முதுமையில் வழுக்கி விழுந்து தொடை எலும்பின் கழுத்து முறிவது மற்றொரு காரணம். ஸ்டீராய்டு மருந்துகளை நீண்டகாலம் உட்கொண்ட இளவயதினருக்கும், முதுகெலும்பை இறுகச் செய்யும் வாதநோய் உடையவர்களுக்கும் இவ்வறுவை தேவைப்படுவதுண்டு. ஆகவே இது கிழவர்களுக்கு மட்டுமே உரியது என்று எண்ண வேண்டாம்.

சேதமுற்ற தலையையும் குழியையும் நீக்கிவிட்டு, உலோகத் தண்டின் மேல் உலோகம் அல்லது பீங்கானால் ஆன பந்தையும், உறுதியான பிளாஸ்டிக்கு உள்வரியிட்ட கிண்ணத்தையும் பொருத்துவதே இன்று பெரிதும் நடைபெறும் முறை. இதற்கு வழி வகுத்தவர் இங்கிலாந்தின் லங்காஷயரில் உள்ள ரைட்டிங்டன் மருத்துவமனையில் பணியாற்றிய ஜான் சார்ன்லி. அவர் முதலில் டெஃப்லான் கிண்ணங்களைப் பொருத்திப் பார்த்தார். அவை சில ஆண்டுகளிலேயே தேய்ந்து போயின. மனந்தளராமல் 1962 நவம்பரில் பாலிஎதிலீன் கிண்ணத்திற்கு மாறினார். அந்த அடிப்படைதான் இன்றுவரை நிலைத்திருக்கின்றது. முறையாகப் பொருத்தப்பட்ட மூட்டு பதினைந்து, இருபது ஆண்டுகள், அதற்கு மேலும்கூட உழைக்கின்றது.

முதற் கேள்வி

மருத்துவமனையை விட்டுப் புறப்படும் முன் அறுவை மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி இது: மூட்டை எந்தப் பக்கமாகத் திறந்தீர்கள்? பின்புறமாகவா, முன்புறமாகவா, பக்கவாட்டிலா?

இக்கேள்வியின் விடையில்தான் வீட்டிலுள்ள கட்டுப்பாடுகள் அனைத்தும் அடங்கியுள்ளன. நம் நாட்டில் பின்புறமாகத் திறப்பதே மிகுதி. அவ்வாறு திறக்கையில் மூட்டைச் சுற்றிய உறையும், பின்புறத்துச் சிறு தசைகளும் அறுக்கப்பட்டு மீண்டும் தைக்கப்படுகின்றன. அவை ஆறி வலுப்பெற ஆறு முதல் பன்னிரண்டு வாரங்கள் ஆகும். அதுவரை பந்து கிண்ணத்தின் பின்புறமாக நழுவி வெளியேறும் அபாயம் உண்டு. அதனைத் தவிர்க்க மூன்று தடைகள் சொல்லப்படுகின்றன. இடுப்பைத் தொண்ணூறு பாகைக்கு மேல் மடக்கக் கூடாது. அறுவை செய்த காலை மற்றக் காலின் பக்கம், உடலின் நடுக்கோட்டைத் தாண்டிக் கொண்டுசெல்லக் கூடாது. அதாவது கால்மேல் கால் போடக் கூடாது. அந்தக் காலை உட்புறமாகத் திருகக் கூடாது. மூன்றும் ஒருசேர நிகழ்வதே மிகவும் கேடானது. முன்புறமாகத் திறந்தவர்களுக்கோ நிலைமை வேறு. காலைப் பின்னே நீட்டி வெளிப்புறமாகத் திருப்புவதையே அவர்கள் தவிர்க்க வேண்டும்.

பெரிய பந்துகளும், திசுக்களைச் சேர்த்துத் தைக்கும் முறைகளும் வந்துவிட்டதால், இக்கட்டுப்பாடுகளை இன்று சில மருத்துவர்கள் தளர்த்தியும் சொல்கின்றனர். பக்கத்து வீட்டார் ஒருவருக்குத் தளர்த்தினார்கள் என்பதற்காக நம் வீட்டில் நாமாகத் தளர்த்திக்கொள்வது தகாது. ஒவ்வொருவருக்கும் பொருத்திய மூட்டும், திறந்த வழியும், தசையின் வலுவும் வேறு வேறு.

தொண்ணூறு பாகை என்பதைக் கணிதமாக நினைத்து அஞ்ச வேண்டாம். அமர்ந்திருக்கும்போது முழங்கால், இடுப்பை விட உயரமாக இருந்தால் அது வரம்பு மீறல். நேராக அமர்ந்தவர் கீழே விழுந்த தஸ்பீஹ் மணியை எடுக்கக் குனிந்தால் அதுவும் வரம்பு மீறல். கட்டிலில் காலை நீட்டி அமர்ந்து, காலடியில் கிடக்கும் போர்வையை எட்டி இழுத்தாலும் அதேதான். மூட்டு நழுவும் சம்பவங்கள் நடக்கையில் நிகழ்வதைவிட இத்தகைய அற்பக் காரியங்களில் நிகழ்வதே மிகுதி.

நாற்காலியும் கட்டிலும்

நம் வீடுகள் தரையோடு ஒட்டியவை. பாயில் அமர்ந்து உண்கிறோம், ஓதுகிறோம், குழந்தைக்குச் சோறூட்டுகிறோம். கல்யாண வீடுகளில் நால்வர் கூடி ஒரே சஹனைச் சுற்றி அமர்கிறோம். இவை அனைத்தும் பன்னிரண்டு வாரங்களுக்கு இல்லை என்று முதலிலேயே மனத்தில் கொள்ள வேண்டும். நெருங்கிய உறவினர் கல்யாணமே ஆனாலும் சரி.

நாற்காலியின் இருக்கை, அமர்பவரின் முழங்காலைவிட இரண்டிலிருந்து நான்கு அங்குலம் உயரமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். இரு பக்கமும் கைப்பிடி கட்டாயம். வாப்பா வழக்கமாகச் சாய்ந்திருக்கும் துணி சாய்வு நாற்காலி, மெத்தென்று அமுங்கும் சோபா, முற்றத்து ஊஞ்சல் ஆகிய மூன்றையும் கண்ணில் படாமல் எடுத்து வைத்துவிடுவது நல்லது. பழக்க தோஷம் பொல்லாதது. பிளாஸ்டிக் நாற்காலிதான் உண்டு என்றால், இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகச் செருகிச் சுவரோடு அண்டக் கொடுத்து வைக்கலாம். உயரமும் சற்றுக் கூடும், வழுக்கி நகரவும் செய்யாது.

எழும்போது முதலில் இருக்கையின் விளிம்புக்கு நகர்ந்து வர வேண்டும். அறுவை செய்த காலை முன்னே நீட்டிக்கொண்டு, கைப்பிடிகளை ஊன்றி எழ வேண்டும். தலையை முன்னே சாய்த்து எழும் வழக்கத்தை விட்டொழிக்க வேண்டும். நடைச்சட்டத்தைப் பற்றி இழுத்து எழுவதும் தவறு; அது கவிழ்ந்துவிடும்.

கட்டிலும் அதே உயரத்தில் இருக்கட்டும். தாழ்ந்த கட்டிலானால் கால்களுக்கடியில் உறுதியான மரக்கட்டைகளை வைத்து உயர்த்தலாம். கயிற்றுக் கட்டில் நடுவில் தொய்ந்து குழியும், அது வேண்டாம். மல்லாந்து உறங்குவதே முதல் வாரங்களில் உகந்தது. இரு தொடைகளுக்கிடையே கனத்த தலையணை ஒன்று இருக்க வேண்டும். பின்னர் மருத்துவர் அனுமதித்தால் அறுவை செய்யாத பக்கமாக ஒருக்களித்துப் படுக்கலாம். அப்போதும் அந்தத் தலையணை கால்களுக்கிடையே இருந்தே ஆக வேண்டும்.

உடை விஷயத்தில் ஒரே விதி: அணியும்போது அறுவை செய்த கால் முதலில், கழற்றும்போது அது கடைசியில். கைலி கட்டும் ஆண்களுக்கு அது நழுவிக் கீழே விழுந்தால் குனிந்து எடுக்கத் தோன்றும். எனவே வளைந்த பிடியுள்ள கைத்தடியோ நீண்ட கொக்கியோ கட்டிலருகே தொங்கட்டும். செருப்பு குதிகாலைப் பிடிக்கும் வாருள்ளதாக இருத்தல் வேண்டும்.

குளியலறையும் கழிப்பறையும்

விழுந்து தொடை எலும்பு முறிந்து வருவோரில் பலர் வழுக்கியது குளியலறையில்தான். அதிலும் தஹஜ்ஜுதுக்கோ ஃபஜ்ருக்கோ இருட்டில் எழுந்து ஒளுச் செய்யச் சென்ற முதியோர் பலர். அதே ஈரத்தரையில், புதிய மூட்டோடு, இன்னும் உறுதிப்படாத காலோடு அவரை மீண்டும் அனுப்பப் போகிறோம் என்பதை வீட்டார் எண்ணிப் பார்க்க வேண்டும்.

குந்தி அமரும் கழிப்பறை இக்காலத்தில் ஆகவே ஆகாது. நடுவில் துளையிட்ட கம்மோடு நாற்காலி மருந்துக்கடைகளிலும் அறுவைக் கருவிகள் விற்கும் கடைகளிலும் கிடைக்கின்றது, வாடகைக்கும் தருகின்றனர். அதனைக் கழிப்பறைக் குழிக்கு நேர்மேலே வைத்துக்கொள்ளலாம். மேனாட்டுக் கழிப்பறை உள்ள வீட்டாரும் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. அதன் உயரம் பலருக்குப் போதாது. மேலே பொருத்தும் உயர்த்தி தேவைப்படும். சுத்தம் செய்துகொள்ளும்போது இடுப்பைத் திருகிப் பின்னால் கையை வளைப்பதும் ஆபத்தே. கைக்கெட்டும் தூரத்தில் நீர் பீச்சும் குழாயோ கெண்டியோ இருக்கட்டும். முன்புறமாகவே கையைக் கொண்டு செல்லலாம். சுவரில் பிடிகம்பி ஒன்று பதிக்கக் கொத்தனாரை அறுவைக்கு முன்பே அழைத்துவிடுங்கள். துணி மாட்டும் கொக்கியைப் பிடித்து எழுவது, இல்லாத துணையை நம்புவதாகும்.

ஒளுவைக் குளியலறைக்கு வெளியே, உயர்ந்த நாற்காலியில் அமர்ந்தவாறே செய்வது பாதுகாப்பு. காலுக்கடியில் அகன்ற பாத்திரம் ஒன்றை வைத்து, மகளோ பேரனோ நீர் ஊற்றிக் காலைக் கழுவி விடலாம். தாமே குனிந்து கால்விரல்களைத் தேய்க்க முயல்வது வேண்டாம். அறுவைப் புண் தொடையின் மேற்பகுதியில் இருப்பதால் ஒளுவின் உறுப்புகள் எதையும் அது மறைப்பதில்லை. குளிப்பு கடமையாகும்போதுதான் கட்டின் மீது மஸ்ஹு செய்வது, தயம்மும் ஆகியவை பற்றிய கேள்வி எழுகின்றது. அதனை உங்கள் மத்ஹபின்படி ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள். தையலோ உலோகப் பிடிப்புகளோ பத்து முதல் பதினான்கு நாட்களில் நீக்கப்படும். அதுவரை புண்ணில் நீர் படலாமா என்பதை மருத்துவர் சொற்படியே முடிவு செய்ய வேண்டும்.

தொழுகை

உம்மாமார்களும் பெத்தும்மாமார்களும் அதிகம் கலங்குவது வலியை எண்ணியன்று. “இனி ஸுஜூது செய்யவே முடியாதா?” என்பதே அவர்கள் கேட்பது. இக்கேள்விக்கு வீட்டார் அலட்சியமாக விடை சொல்லக் கூடாது.

மூல நோயால் துன்புற்ற இம்ரான் பின் ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, இயன்றால் நின்றும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் விலாப்புறமாகப் படுத்தும் தொழும்படி நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டியது புகாரியில் பதிவாகியுள்ளது. நோயாளியின் தொழுகைச் சட்டங்கள் இதனை அடியொற்றியவை. ஆகவே நாற்காலித் தொழுகை குறைபாடுடையது என்று எவரும் மனம் குமைய வேண்டியதில்லை. ஷாஃபிஈ மத்ஹபின்படி, ருகூஃ, ஸுஜூது செய்ய இயலாதவரும் நிற்க இயலுமானால் நின்றே ஆக வேண்டும். இயலாதவற்றுக்கு மட்டும் சைகை. ஹனஃபி மத்ஹபிலோ, ஸுஜூது செய்ய இயலாதவர் நிற்க முடிந்தாலும் அமர்ந்து சைகையால் தொழ இடமுண்டு. நம் ஊர்களில் இரு மத்ஹபினரும் இருப்பதால் இந்த வேறுபாட்டைக் குறிப்பிட நேர்ந்தது. சைகையில் ஸுஜூதுக்குரிய தாழ்வு ருகூஃவை விடச் சற்று அதிகமாக இருத்தல் வேண்டும்.

இங்கேதான் மருத்துவர்களும் எடுத்துச் சொல்லத் தவறும் ஒரு நுட்பம் உள்ளது. நாற்காலியில் அமர்ந்தாலே பாதுகாப்பு என்று எண்ணி, பலர் ஸுஜூதுக்காக நெற்றி முழங்காலைத் தொடுமளவு முன்னே வளைகின்றனர். அமர்ந்த நிலையில் இடுப்பு ஏற்கெனவே ஏறத்தாழத் தொண்ணூறு பாகையில் இருக்கின்றது. அதற்குமேல் உடலை முன்னே சாய்ப்பது தரையில் ஸுஜூது செய்வதற்கு ஒப்பான மடிப்பேயாகும். தடை பாயின் மீது அன்று, மடிப்பின் மீது. எனவே தலையாலும் கழுத்தாலும் மட்டும் சைகை செய்தால் போதும். முதுகு நிமிர்ந்தே இருக்கட்டும். நின்று ருகூஃ செய்கையிலும் இடுப்பு தொண்ணூறு பாகையை நெருங்குகின்றது என்பதால், முதல் வாரங்களில் அதனையும் சைகையாகவோ சிறிய சாய்வாகவோ வைத்துக்கொள்வது நன்று.

அத்தஹிய்யாத்தில் அமரும் முறைகளில் முழங்கால் மடிவதோடு தொடை உட்புறம் திரும்பவும் கூடும். பின்புறமாகத் திறந்த மூட்டுக்கு இத்திருகல் ஆகாது. ஸுஜூதிலிருந்து எழுகையில் மூட்டின் மீது விழும் சுமையும் பெரிது. சில மாதங்கள் கழித்துத் தரைத் தொழுகைக்கு மருத்துவர்கள் சிலருக்கு அனுமதி தருகின்றனர். சிலருக்கு வாழ்நாள் முழுவதும் வேண்டாம் என்கின்றனர். “நான் நன்றாகத்தானே நடக்கிறேன்” என்பதை வைத்துத் தாமே முடிவு செய்யலாகாது. மருத்துவரிடம் “கீழே உட்காரலாமா?” என்று பொதுவாகக் கேட்டால் பொதுவான விடையே கிடைக்கும். ருகூஃ, ஸுஜூது, அத்தஹிய்யாத்து இருப்பு ஆகியவற்றை வீட்டாரில் ஒருவர் அவர்முன் செய்து காட்டிக் கேளுங்கள். தொழுகையின் அசைவுகளை அறியாத மருத்துவராயினும் பார்த்த மாத்திரத்தில் தெளிவாகச் சொல்லிவிடுவார்.

ஜும்ஆ நோயாளிக்குக் கடமையன்று. மூன்றாம் வாரமே புறப்பட்டுவிடத் துடிக்கும் வாப்பாக்களை இதைச் சொல்லித் தடுக்கலாம். பள்ளிவாசல் படிக்கட்டும், ஹவுளைச் சுற்றிய ஈரமும், தொழுகை முடிந்து வெளியேறும் நெரிசலும் புதிய மூட்டுக்கு உகந்தவை அல்ல. அனுமதி கிடைத்தபின் செல்லும்போதும் வீட்டிலேயே ஒளுச் செய்துகொண்டு போவது நன்று. ஹவுளின் ஓரத்துத் தாழ்ந்த கல்லில் அமரவே கூடாது.

இரத்தக் கட்டியும் ஊசி மருந்தும்

அறுவைக்குப் பின் முதல் வாரங்களில் உயிருக்கே ஆபத்தாகக் கூடியது, கால் இரத்தக் குழாயில் இரத்தம் உறைந்து, அக்கட்டி நுரையீரலுக்குச் செல்வதுதான். இதனைத் தடுக்கவே இரத்தம் உறையாமைக்கான மருந்துகளைத் தருகின்றனர். ஏறக்குறைய ஐந்து வாரம் வரை நீடிப்பதும் உண்டு. வயிற்றுத் தோலில் போடப்படும் எனாக்ஸபாரின் ஊசி, பன்றியின் குடலிலிருந்து எடுக்கப்படும் ஹெப்பாரினிலிருந்து தயாராவது. பலருக்கு இது தெரியாது. தெரிய வந்த சிலர், பாதியில் ஊசியை நிறுத்திவிடுகின்றனர். அது பெருந்தவறு, உயிரோடு விளையாடுவது.

செய்ய வேண்டியது இதுவே: அறுவைக்கு முன்பே மருத்துவரிடம் இவ்விஷயத்தைத் தயக்கமின்றிப் பேசுங்கள். ரிவராக்ஸபான், அபிக்ஸபான் போன்ற மாத்திரைகளும், ஃபாண்டபாரினக்ஸ் என்னும் ஊசியும் விலங்குப் பொருளன்றிச் செயற்கையாகத் தயாரிக்கப்படுபவை. ஆஸ்பிரினும் பலருக்குப் போதுமானதாக இருக்கின்றது. சிறுநீரகத்தின் நிலை, வயிற்றுப் புண், பிற மருந்துகள் ஆகியவற்றைப் பார்த்தே மருத்துவர் தேர்வு செய்வார். மாற்று வழி இல்லையெனில், நிர்ப்பந்த நிலைக்கு மார்க்கம் தந்துள்ள சலுகை இருக்கவே செய்கின்றது. ஆலிமிடமும் கேட்டு மனநிறைவு அடையலாம். எதுவாயினும், தொடங்கிய மருந்தை மருத்துவரைக் கேளாமல் நிறுத்தக் கூடாது.

மருந்தோடு அசைவும் வேண்டும். படுத்திருக்கும்போதே பாதங்களை மேலும் கீழும் ஆட்டுவது, தொடைத் தசையை இறுக்கித் தளர்த்துவது, பிட்டத் தசைகளை இறுக்குவது, குதிகாலைப் படுக்கையில் இழுத்து முழங்காலைச் சற்றே மடக்குவது ஆகிய பயிற்சிகளை இயன்முறை மருத்துவர் கற்றுத் தருவார். எப்போது செய்வது என்று தனியே கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. ஐந்து வேளைத் தொழுகை முடிந்ததும் ஒவ்வொன்றையும் பத்து முறை செய்வதாக வைத்துக்கொண்டால், மறதிக்கு இடமிராது. பெண் நோயாளிகளுக்கு ஆண் பயிற்சியாளரிடம் கூச்சம் ஏற்படின், பெண் பயிற்சியாளரைக் கேட்டுப் பெறலாம். அதுவும் இயலாவிடில், மருத்துவமனையிலேயே மகளோ மருமகளோ உடனிருந்து கற்றுக்கொண்டு வர வேண்டும். கூச்சத்தால் பயிற்சியே செய்யாமல் படுத்துக் கிடந்து, நடையை இழந்தவர்கள் உண்டு.

ஒரு காலின் கெண்டைச்சதை வீங்கிச் சிவந்து வலித்தாலோ, திடீரென மூச்சு வாங்கினாலோ, நெஞ்சு வலித்தாலோ நேரம் பார்க்காமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும். காய்ச்சல், புண்ணில் நீர் அல்லது சீழ் கசிவு, நாளுக்கு நாள் கூடும் வலி ஆகியவை தொற்றின் அடையாளமாக இருக்கலாம். தெரிந்த கடைக்காரரிடம் மாத்திரை வாங்கிப் போட்டுக் காலம் கடத்தாதீர்கள். சட்டென்று தாங்கமுடியாத வலி ஏற்பட்டு, கால் குட்டையாகி உட்புறம் திரும்பி, ஊன்றவே முடியாமற் போனால் மூட்டு நழுவியிருக்கலாம். அப்போது இழுத்துவிட முயலாமல், அசைக்காமல் கொண்டு செல்ல வேண்டும். எண்ணெய் தேய்த்து நீவுவதற்கும் கட்டுப் போடுவதற்கும் யோசனை சொல்ல உறவினர் பலர் வருவர். இந்தக் காலை நீவவே கூடாது. உறைந்த கட்டி இருந்தால் அதனைப் பெயர்த்து அனுப்பியதாகிவிடும்.

நடை

நடைச்சட்டத்தில் தொடங்கிச் சில வாரங்களில் கைத்தடிக்கு மாறுவது வழக்கம். கைத்தடியை அறுவை செய்த பக்கத்தில் பிடிப்பதே இயல்பு என்று பலரும் எண்ணுகின்றனர். அது தலைகீழான எண்ணம். வலது இடுப்பில் அறுவையானால் தடி இடது கையில் இருக்க வேண்டும். வலது காலை ஊன்றும்போது உடலின் எடையில் ஒரு பங்கை இடப்பக்கத் தடி தாங்கிக்கொள்வதால், வலது இடுப்புத் தசைகளின் சுமை பெரிதும் குறைகின்றது. படியேறும்போது நல்ல கால் முதலில். இறங்கும்போது அறுவை செய்த காலும் தடியும் முதலில். திரும்பும்போது ஊன்றிய காலின் மீதே சுழலாமல், சிறு சிறு எட்டுகளாக வைத்துத் திரும்ப வேண்டும்.

வீட்டு நடையில் கிடக்கும் மிதியடிகள், குழந்தைகளின் விளையாட்டுப் பொருட்கள், மின்கம்பிகள் ஆகியவற்றை அகற்றுங்கள். நிலைப்படிகளில் வெள்ளைச் சாயக்கோடு ஒன்று இழுத்து வைத்தால் மங்கிய கண்ணுக்கும் தெரியும். இரவில் கழிப்பறை வரை சிறு விளக்கு எரியட்டும்.

உணவில் பத்தியம் எதுவும் இல்லை. முட்டை, மீன், கோழி, பருப்பு ஆகியவை புண் ஆறத் துணை செய்யும். வலி மாத்திரைகளால் மலச்சிக்கல் உண்டாகும். கீரையும் பழமும் போதிய நீரும் வேண்டும். நலம் விசாரிக்க வருவோர் தூக்குச்சட்டியில் கொண்டுவரும் ஆட்டுக்கால் சூப்பு சுவையானது, கெடுதல் இல்லாதது. ஆனால் எலும்பை வளர்க்கும் ஆற்றல் அதற்குத் தனியாக ஏதும் இல்லை. அதனோடு வரும் அல்வாவையும் வட்டிலப்பத்தையும் நீரிழிவு உடையவர் தொடாதிருக்க வேண்டும். சர்க்கரை கட்டுக்குள் இல்லாவிடில் புண்ணில் தொற்று ஏற்படும் வாய்ப்பு அதிகம். ரமளான் நோன்பைப் பொறுத்தவரை, நோயாளிக்குச் சலுகை உண்டு; பின்னர் களாச் செய்துகொள்ளலாம். முறிவினால் செய்யும் அவசர அறுவையன்றி, நாள் குறித்துச் செய்துகொள்வதானால், ரமளானுக்கு மூன்று மாதங்கள் முன்போ பெருநாளுக்குப் பின்போ வைத்துக்கொள்வது பல சங்கடங்களைத் தவிர்க்கும்.

வருவோரும் பார்ப்போரும்

நோயாளியை நலம் விசாரிப்பது சுன்னத்தானது. ஆனால் முற்பகல் முழுவதும் பத்துப் பேர் அறையில் அமர்ந்து ஊர்க்கதை பேசுவது நலம் விசாரிப்பாகாது. வந்தவர்கள் கட்டிலிலேயே அமர்வதும், கைக்குழந்தையை நோயாளியின் மடியில் வைப்பதும், சளிபிடித்தவர்கள் நெருங்கி உட்காருவதும் நடக்கத்தான் செய்கின்றன. பெரியவர்களோ, விருந்தாளி வந்தால் எழுந்து வரவேற்காமல் இருக்க மனம் ஒப்பாதவர்கள். “ஏன்மா எழுந்திருக்கிறீங்க” என்று வந்தவர் பதறும் அந்த ஒரு கணத்தில், தடியில்லாமல் இரண்டு எட்டு வைத்துவிடுவார்கள். அஸருக்குப் பின் அரைமணி நேரம் என்று வீட்டாரே வரையறுத்துச் சொல்லிவிடுவதில் அநாகரிகம் ஒன்றும் இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இந்த மூன்று மாதச் சுமையும் பெரும்பாலும் ஒரே பெண்ணின் தோளில் விழுகின்றது. மகன் சபரில் இருப்பார். நாள்தோறும் தொலைபேசியில் “உம்மாவை நல்லாப் பார்த்துக்கோ” என்பார். இரவில் மூன்று முறை எழுந்து கழிப்பறைக்கு அழைத்துச் செல்வது மருமகள். விடுப்பு எடுத்து வரும் மகன், அறுவை நாளன்று மருத்துவமனைத் தாழ்வாரத்தில் நிற்பதைவிட, வீடு திரும்பிய முதல் இரண்டு வாரம் உம்மாவின் அருகே இருந்து ஒளுவுக்கு நீர் ஊற்றிக் கொடுப்பதே மேலான உதவி என்பது எமது கருத்து. மகள்மார் முறைவைத்துக்கொண்டு வாரத்தில் இரண்டு இரவாவது வந்து தங்கினால், அந்தப் பெண்ணும் உறங்குவாள். நோயாளிக்கும் ஒரே ஆளிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கூச்சம் குறையும்.

தம்பதியர் உறவைப் பொதுவாக ஆறு வாரம் கழித்து மருத்துவர் ஆலோசனையுடன் தொடரலாம். இதனையும் வெட்கப்படாமல் கேட்டுக்கொள்ளலாம். வாகனம் ஓட்டுவதும் ஏறத்தாழ அக்காலத்தில்தான்.

ஹஜ்ஜும் உம்ராவும் பலரின் நெஞ்சில் உள்ள ஆசை. மூட்டு மாற்றியவர்கள் தாராளமாகச் செல்லலாம். மூட்டு வலியால் தள்ளிப் போட்டவர்கள் இவ்வறுவைக்குப் பிறகே சென்று வந்திருக்கின்றனர். ஆயினும் நெடுநேர விமானப் பயணத்தில் இரத்தம் உறையும் அபாயம் கூடுவதால், முதல் மூன்று மாதங்களுக்குள் பயணத் தேதி வேண்டாம். பயணத்தில் மணிக்கொருமுறை எழுந்து நடக்க வேண்டும். தவாஃபுக்கும் ஸயீக்கும் சக்கர நாற்காலி கிடைக்கும். சக்தியுள்ள அளவு நடந்து, மீதிக்கு அதனைப் பயன்படுத்தலாம். கூடாரத்தில் தரைப்படுக்கை நேரிடலாம் என்பதால் உடன் வருவோரிடம் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும்.

விமான நிலையச் சோதனைக் கருவி உலோக மூட்டைக் கண்டு ஒலியெழுப்பும். மருத்துவமனை தரும் அடையாள அட்டையைக் காட்டலாம். எனினும் கையால் சோதிப்பது நடக்கவே செய்யும்.

அந்த அட்டைக்கு இதைவிடப் பெரிய பயன் உண்டு. பொருத்தப்பட்ட மூட்டின் தயாரிப்பு எண்கள் அச்சிட்ட ஒட்டுத்தாள்கள் பெட்டியோடு வரும். அவற்றில் ஒன்று நோயாளியின் ஏட்டில் ஒட்டப்படுகின்றது. 2010 ஆகஸ்டில் உலோகத்தோடு உலோகம் உரசும் ஒருவகை இடுப்பு மூட்டு உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டபோது, நம் நாட்டில் அதனைப் பொருத்திக்கொண்டவர்களில் பலரைக் கண்டுபிடிக்கவே இயலவில்லை. எந்த மூட்டு தம் உடலில் உள்ளது என்பதே அவர்களுக்குத் தெரியாது. ஆகவே வீடு திரும்பும் அன்றே அந்த ஒட்டுத்தாளையும், அறுவை நாளையும் மருத்துவர் பெயரையும் குறித்த விடுவிப்புத் தாளையும் படியெடுத்து, ஒன்றைப் பாஸ்போர்ட்டோடும் மற்றொன்றைக் குடும்ப அட்டையோடும் வைத்துவிடுங்கள். ஆறாம் வாரமும், மூன்றாம் மாதமும், ஓராண்டிலும், பின்னர் மருத்துவர் குறிக்கும் இடைவெளியிலும் எக்ஸ்ரே எடுக்கச் செல்லும்போது அவற்றை உடன் கொண்டு செல்ல வேண்டும்.